சம்பளச் சீட்டு எண்ணாத தலைகள்

ஏறக்குறைய ஒரே வருமானமுள்ள இரண்டு நாடுகள். ஒன்றில் பத்துக் குழந்தைகளில் ஒன்று ஏழை. இன்னொன்றில் நான்கில் ஒன்றுக்கும் மேல். எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்? பதிலுக்கு முதலில் அமெரிக்காவைப் பார்க்கலாம்.

2021 ஜூலை 15. அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி குடும்பங்களுக்கு அன்று அரசிடமிருந்து 'குழந்தை வரிச்சலுகை' என்ற பெயரில் பணம் வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 300 டாலர். ஆறு முதல் பதினேழு வயது வரை ஒவ்வொருவருக்கும் 250 டாலர். 'வேலைக்குப் போகிறாயா, ஏன் போகவில்லை?' என்ற விசாரணை கிடையாது. வரிக் கணக்குக் கொடுத்திருந்த பெரும்பாலான குடும்பங்களுக்குப் பணம் தானாகவே போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. டிசம்பர் 15 வரை ஆறு தவணை. ஜனவரியில் வரவில்லை.

அந்த ஆண்டு, அரசின் துணை வறுமை அளவுகோலின்படி, அமெரிக்காவில் வறுமையில் இருந்த குழந்தைகள் 5.2 சதவீதம். அந்த அளவுகோலில் அதுவரை பதிவான எண்களிலேயே இதுதான் குறைவு. 2022-ல் அது 12.4 சதவீதம் ஆனது. 2023-ல் 13.7.

ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அமெரிக்கத் தாய் தகப்பன்மார் திடீரென்று சோம்பேறிகளாகிவிடவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் 2022-ல் குறைந்துகொண்டுதான் வந்தது. கொரோனா கால நிவாரணக் காசோலைகள் நின்றதற்கும், விலைவாசி ஏறியதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இந்தக் குழந்தை வரிச்சலுகை ஒன்று மட்டுமே 2021-ல் 29 லட்சம் குழந்தைகளை வறுமைக்கோட்டுக்கு மேலே தூக்கி வைத்திருந்தது என்று அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையே சொன்னது. திட்டத்தை நீட்டிக்கும் மசோதா செனட்டில் முடங்கியது. இரண்டு கட்சியும் சமபலத்தில் இருந்த அவையில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஜோ மான்ச்சின் ஒருவர் கைவிரித்ததே போதுமானதாக இருந்தது.

ஒரு நாட்டில் ஏழைக் குழந்தைகள் ஏன் அதிகம், இன்னொரு நாட்டில் ஏன் குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் தேசம் தேசமாக ஒப்பிட்டுத் தேடுகிறார்கள். அமெரிக்கா அதே சோதனையைத் தன் வீட்டுக்குள்ளேயே, ஒரே வருடத்தில் நடத்திக் காட்டிவிட்டது.

யார்க் நகரத்துக் கணக்கு

குழந்தைகள் ஏன் ஏழைகளாகிறார்கள் என்ற கேள்விக்கு நூற்றிருபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் பதில் கண்டுபிடித்தார். சாக்லேட் ஆலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை சீபோம் ரவுன்ட்ரீ. 1899-ல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் உழைப்பாளர் வீடுகளைக் கணக்கெடுத்து, 1901-ல் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

ஒரு கூலித் தொழிலாளியின் ஆயுளை அவர் ஐந்து பருவமாகப் பிரித்தார். பிள்ளைப் பருவத்தில் வறுமை. சம்பாதிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் மூச்சு விடலாம். கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்ததும் மறுபடி வறுமை. அந்தக் குழந்தைகள் வேலைக்குப் போகத் தொடங்கினால் மீண்டும் கொஞ்சம் நிம்மதி. உடம்பு தளர்ந்ததும் கடைசி வறுமை. இத்தனைக்கும் ஆள் அதே ஆள், உழைப்பும் அதே உழைப்புதான். கூலி அதே இடத்தில் நிற்க, சாப்பாட்டுத் தட்டுகள் மட்டும் கூடிக் குறைகின்றன.

விஷயம் இவ்வளவுதான். நம் ஊர் ரேஷன் கார்டு தலையை எண்ணும். சம்பளச் சீட்டு எண்ணாது. பிரம்மச்சாரிக்கும் நான்கு பிள்ளை பெற்றவருக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலிதான்; முதலாளியை அதற்காகக் குறை சொல்லவும் முடியாது. சந்தை எண்ணாமல் விட்ட அந்தத் தலைகளை யாராவது எண்ணித்தான் ஆக வேண்டும். அரசு எண்ணுகிற நாட்டில் ஏழைக் குழந்தைகள் குறைவு. எண்ணாத நாட்டில் அதிகம்.

இதை அரசியலாக்கியவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன். குழந்தைக்கென்று அரசு தனியாகப் பணம் தர வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் வாதாடினார். 1945-ல் குடும்பப் படிச் சட்டம் வந்தபோது, பணத்தைத் தகப்பன் கையில் கொடுப்பதாக மசோதாவில் இருந்தது. தாய் கையில்தான் தர வேண்டும், இல்லையென்றால் நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று நின்று அதை மாற்றினார். இரண்டாவது குழந்தையிலிருந்து வாரம் ஐந்து ஷில்லிங். முதல் தவணை 1946 ஆகஸ்டில் கொடுக்கப்பட்டது. அதைப் பார்க்க ராத்போன் இல்லை. அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

சுவீடனும் பின்லாந்தும் 1948-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் படி கொடுக்கத் தொடங்கின. பின்லாந்தில் அதே ஆண்டிலிருந்து எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவும் கிடைத்தது. போரில் அடிபட்டு, கடனில் மூழ்கியிருந்த தேசம் அப்போது அது. பணக்கார நாடான பிறகு எடுத்த முடிவல்ல.

ஸ்லோவேனியாவும் ஸ்பெயினும்

யுனிசெஃபின் ஆய்வுப் பிரிவு 2023 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வசதியான 39 நாடுகளைப் பற்றியது. அந்த நாடுகளில் மட்டும் 6.9 கோடிக் குழந்தைகள் வறுமையில் இருக்கிறார்கள் என்றது. ஆனால் அதில் கவனிக்க வேண்டிய எண் வேறு. தொடக்கத்தில் சொன்ன இரண்டு நாடுகள் இவைதான்: ஸ்லோவேனியாவுக்கும் ஸ்பெயினுக்கும் தேசிய வருமானம் ஏறக்குறைய ஒரே அளவு. குழந்தை வறுமை ஸ்லோவேனியாவில் 10 சதவீதம், ஸ்பெயினில் 28.

இருபது லட்சம் பேர் வாழும் சின்ன நாடு ஸ்லோவேனியா. 1991 வரை யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. சோஷலிச ஆட்சி போனபோதும் அந்தக் காலத்துப் பாலர் பள்ளிகளை அவர்கள் கைவிடவில்லை. ஊராட்சிகள் நடத்தும் அந்தப் பள்ளிகளில் கட்டணம் பெற்றோரின் வருமானத்துக்குத் தக்கபடி. குழந்தையை அங்கே விட்டுவிட்டுத் தாய் முழுநேர வேலைக்குப் போகிறார். தாய்மார் வேலைக்குப் போவதில் அந்நாடு வளர்ந்த நாடுகளின் முன்வரிசையில் நிற்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு சம்பளம். மேல்மட்டச் சம்பளத்துக்கும் கீழ்மட்டச் சம்பளத்துக்கும் இடையே உள்ள தூரமும் ஐரோப்பாவிலேயே குறைந்த நாடுகளில் ஒன்று அது. அதற்கு மேல் குழந்தைப் படி. வருமானம் குறையக் குறையத் தொகை கூடும்.

ஸ்பெயினில் எல்லாக் குழந்தைக்கும் பொதுவான படி கிடையாது. அரசின் சமூகச் செலவில் பெரிய பங்கு முதியோர் ஓய்வூதியத்துக்குப் போகிறது. குடும்பங்களுக்குத் தரும் உதவியில் கணிசமான பகுதி வருமான வரிக் கழிவாக வருகிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத வீட்டுக்கு அந்தக் கழிவால் என்ன பயன்? பல ஆண்டுகளாக வேலையின்மை அதிகம். கிடைக்கும் வேலையும் நெடுங்காலம் ஒப்பந்தக் கூலியாகவே இருந்தது. தேசிய அளவில் குறைந்தபட்ச வருமானத் திட்டம் ஒன்று அங்கே வந்ததே 2020-ல்தான்.

அதே அறிக்கையில் இன்னொரு பாடமும் உண்டு. 2014-க்கும் 2021-க்கும் இடையில் குழந்தை வறுமை கூடிய நாடுகளின் பட்டியலில் பிரான்ஸ், நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து எல்லாம் இருக்கின்றன. கஜானா நிறைந்திருந்தால் குழந்தையின் தட்டும் தானாக நிறையும் என்பதில்லை.

'ஏழைக் குழந்தை' என்றால் யார்? மூன்று கோடுகள்

*உலக வங்கிக் கோடு:* நாளுக்கு 2.15 டாலருக்குள் வாழ்க்கை நடத்துபவர் பரம ஏழை (2025 ஜூன் முதல் இது 3 டாலர்). 2022 மதிப்பீட்டின்படி 2.15 டாலர் கோட்டுக்குக் கீழே 33.3 கோடிக் குழந்தைகள். உலகில் ஆறில் ஒரு குழந்தை. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 40. இங்கே நாட்டின் ஏழ்மைதான் முதல் காரணம்.

*அமெரிக்கக் கோடு:* 1963-ல் சமூகப் பாதுகாப்புத் துறை ஊழியர் மோலி ஓர்ஷான்ஸ்கி போட்டது. மிகச் சிக்கனமான சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கினார். விலைவாசிக்கேற்ப ஏற்றி இன்றும் அதுவே அதிகாரபூர்வக் கோடு. வரிச்சலுகையை இது வருமானமாகக் கணக்கில் எடுக்காது. அதனால் 2011 முதல் ஒரு துணை அளவுகோலும் வெளியாகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள எண்கள் அந்தத் துணை அளவுகோலைச் சேர்ந்தவை.

*ஐரோப்பியக் கோடு:* நாட்டு மக்களை வருமான வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர் ஏழை. யுனிசெஃபின் பட்டியல் இந்த முறையைப் பின்பற்றுகிறது.

'நடுவில் இருப்பவனை வைத்து அளப்பதா? ஸ்பெயினின் ஏழைக்கு வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்குமே!' என்று நமக்குத் தோன்றலாம். இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளின் இல்லாமையை அளக்க 17 அம்சங்கள் கொண்ட தனிப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. காலுக்குச் சரியான இரண்டு ஜோடி காலணி. தினமும் பழமும் காய்கறியும். பிறந்தநாள் கொண்டாட்டம். நண்பர்களை எப்போதாவது வீட்டுக்கு அழைத்துச் சாப்பிட வைப்பது. பள்ளியில் சுற்றுலா போகும்போது பணம் கட்ட முடிவது. வகுப்பே பேருந்தில் ஏறிப் போகும்போது ஒரு பிள்ளை மட்டும் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு அது என்னவென்று நம் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏற்றி, இறக்கிய பிரிட்டன்

1999 மார்ச் 18. லண்டனின் டாய்ன்பீ ஹாலில் பேசிய பிரதமர் டோனி பிளேர், இருபது ஆண்டுகளில் குழந்தை வறுமையை ஒழிப்போம் என்று அறிவித்தார். அடுத்த மாதமே நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியம் அமலுக்கு வந்தது. ஏழைப் பகுதிகளில் 'ஷூர் ஸ்டார்ட்' குழந்தை மையங்கள் திறக்கப்பட்டன. 2003-ல் குழந்தை வரிச்சலுகை வந்தது. வாடகை போன்ற குடியிருப்புச் செலவைக் கழிக்காமல் பார்க்கும் கணக்கில் 34 லட்சமாக இருந்த ஏழைக் குழந்தைகள், 2010-11-ல் 23 லட்சமாகக் குறைந்தார்கள். 2010-க்குள் பாதியாக்குவோம் என்ற இலக்கு எட்டப்படவில்லை. ஆனாலும் 11 லட்சம் குழந்தைகள் என்பது சின்ன எண்ணல்ல.

பிறகு ஆட்சி மாறியது. சிக்கனம் என்ற பெயரில் உதவித்தொகைகள் வெட்டப்பட்டன. 2010-ல் நிறைவேறிய குழந்தை வறுமைச் சட்டத்தின் இலக்குகள் 2016-ல் நீக்கப்பட்டன. 2017 ஏப்ரலில் வந்தது 'இரண்டு குழந்தை வரம்பு'. அந்த மாதம் 6-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த மூன்றாவது குழந்தைக்கும் அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் வருமானம் சார்ந்த உதவித்தொகை கிடைக்கவில்லை. 2024-25-ல் ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 3,455 பவுண்டு இழப்பு. வன்புணர்வால் கருவுற்றிருந்தால் விதிவிலக்கு இருந்தது. ஆனால் அதைத் தாய் அரசுக்குத் தெரிவித்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

பெற்றோருக்குப் பொறுப்பு வரும், வேலைக்குப் போவார்கள் என்பது அரசு சொன்ன நியாயம். 2024-ல் இந்த வரம்பு தொட்ட வீடுகளில் 16 லட்சம் குழந்தைகள் இருந்தார்கள். அந்த வீடுகளில் பத்தில் ஏறத்தாழ ஆறில் ஏற்கெனவே யாரோ ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். குடியிருப்புச் செலவைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கணக்கில் 2023-24-ல் பிரிட்டனின் ஏழைக் குழந்தைகள் 45 லட்சம்; நூற்றுக்கு 31. யுனிசெஃபின் பட்டியலில் குழந்தை வறுமை மிக வேகமாக ஏறிய நாடு பிரிட்டன்தான்: ஏழு ஆண்டில் 20 சதவீத ஏற்றம்.

அதே தீவில் ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. 2021 பிப்ரவரியில் ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு வாரம் 10 பவுண்டு என்று தொடங்கியது. 2022 நவம்பரில் அது 25 ஆனது. லண்டன் அரசும் 2025 நவம்பர் பட்ஜெட்டில், இரண்டு குழந்தை வரம்பை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. எட்டு வருடம் கழித்து.

போலந்தின் 500 ஸ்வோட்டி

பிரிட்டன் உதவியை இறக்கிய அதே வருடங்களில் போலந்து ஏற்றியது. 2016 ஏப்ரலில் 'குடும்பம் 500 பிளஸ்' திட்டம்: இரண்டாவது குழந்தையிலிருந்து மாதம் 500 ஸ்வோட்டி, ஏழை வீடுகளில் முதல் குழந்தைக்கும் உண்டு. 2019 ஜூலையில் வருமானம் பார்க்காமல் எல்லாக் குழந்தைக்கும் ஆனது. 2024 ஜனவரியில் தொகை 800 ஆனது. யுனிசெஃப் பார்த்த ஏழு ஆண்டில் போலந்தின் குழந்தை வறுமை 38 சதவீதம் குறைந்தது. 39 நாடுகளில் இதுவே பெரிய இறக்கம். ஸ்லோவேனியாவிலும் 31 சதவீதம் குறைந்தது.

கொண்டுவந்தது இடதுசாரிக் கட்சியல்ல, மதமும் குடும்பமும் பேசிய வலதுசாரிக் கட்சி. பிறப்பு விகிதத்தை ஏற்றுவதுதான் அவர்களுடைய முதல் ஆசை. அது நிறைவேறவில்லை, பிறப்புகள் குறைந்துகொண்டே போகின்றன. குழந்தை பெறச் சொல்லிக் கொடுத்த பணம், ஏற்கெனவே பிறந்த குழந்தைகளின் வறுமையைத்தான் குறைத்தது.

ஆபத்து ஒன்று, தண்டனை வேறு

இந்த விவாதத்தில் எந்த நாட்டிலும் வழக்கமாக எழும் குரல் ஒன்று உண்டு. 'அவர்கள் படிக்கவில்லை, சின்ன வயதில் பிள்ளை பெற்றார்கள், புருஷன் இல்லாமல் வளர்க்கிறார்கள், வேலைக்குப் போவதில்லை. வறுமை வராமல் என்ன செய்யும்?'

ஆய்வாளர் டேவிட் பிராடியும் அவருடைய சகாக்களும் 2017-ல் இதைச் சோதித்தார்கள். தனித்த தாய், இளவயதுக் குடும்பத் தலைமை, குறைந்த படிப்பு, வேலையின்மை. இந்த நான்கும் பணக்கார நாடுகளில் எவ்வளவு பேருக்கு இருக்கின்றன என்று எண்ணினார்கள். அமெரிக்காவில் இவை மற்ற நாடுகளின் சராசரியைவிடக் குறைவு! கூடுதலாக இருந்தது வேறொன்று: இவற்றில் ஒன்று வந்துவிட்டால் ஏழையாகிவிடும் வாய்ப்பு. தடுக்கி விழுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சில ஊர்களில்தான் விழுந்த இடத்தில் கிணறு இருக்கிறது.

அந்தக் கிணற்றை மூடுவது எப்படி என்பதற்கு வட ஐரோப்பாவில் பழைய உதாரணங்கள் உண்டு. டென்மார்க்கில் குழந்தை பிறந்து 26 வாரம் ஆனதும் காப்பகத்தில் இடம் தருவது ஊராட்சியின் கடமை. செலவில் பெற்றோர் பங்கு அதிகபட்சம் 25 சதவீதம். பிரிந்து போன தகப்பன் ஜீவனாம்சம் கொடுக்கவில்லை என்றால், அரசு முதலில் குழந்தைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அவனிடமிருந்து வசூலிக்கும். சுவீடன், நார்வே, ஜெர்மனியிலும் இதே ஏற்பாடு உண்டு. தகப்பன் ஓடிப்போனதற்கு ஒரு தாய் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியதில்லை, அரசு துரத்திக்கொள்ளும்.

'பணம் எங்கே?' என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2019-ல் கணக்குப் போட்டன. குழந்தை வறுமையால் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் நேரும் நஷ்டம் 80 ஆயிரம் கோடி டாலரிலிருந்து 1.1 லட்சம் கோடி டாலர் வரை: நோய், குற்றம், பின்னாளில் குறைந்த சம்பாத்தியம். அந்த வறுமையைப் பாதியாகக் குறைக்கும் திட்டங்களுக்கு ஆகும் செலவு ஆண்டுக்குச் சுமார் 9 ஆயிரம் முதல் 11 ஆயிரம் கோடி டாலர்.

ஓட்டுள்ள முதுமை

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நடக்கவில்லை? அமெரிக்க முதியோரைப் பார்த்தால் புரியும். 1959-ல் அந்நாட்டின் 65 வயதைக் கடந்தவர்களில் 35 சதவீதம் பேர் ஏழைகள். குழந்தைகளில் 27 சதவீதம். முதியவர்கள் நிலைதான் மோசம். பிறகு ஓய்வூதியத்தை அரசு உயர்த்தியது. விலைவாசி ஏறினால் ஓய்வூதியமும் தானாக ஏற வேண்டும் என்று 1972-ல் சட்டமே போட்டது. இன்று முதியோர் வறுமை பத்து சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதே அதிகாரபூர்வக் கோட்டில் குழந்தை வறுமை 2022-ல் 15 சதவீதம். முதியோருக்குச் சோறு போட்டால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுகிறார்கள்.

குழந்தைகளுக்காகச் சட்டத்தில் கட்டுப்பாடு வைத்துக்கொண்ட நாடும் உண்டு. நியூசிலாந்து 2018-ல் குழந்தை வறுமைக் குறைப்புச் சட்டம் போட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இலக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கணக்குச் சொல்ல வேண்டும். அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அந்தத் துறையைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் வரிச்சலுகை பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டது. 2025-ல் குழந்தைக்கு 2,200 டாலராக உயர்த்தினார்கள். ஆனால் முழுத் தொகையைப் பெற பெற்றோர் போதிய அளவு சம்பாதித்திருக்க வேண்டும். மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் வீட்டின் குழந்தைக்கு மிகக் குறைவாகவே கிடைக்கும். சம்பாத்தியமே இல்லாத வீட்டின் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. சம்பளச் சீட்டு எண்ணாத தலையை அரசும் எண்ணுவதில்லை.

2021-ல் அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகள் சுமார் 38 லட்சம். 2022-ல் சுமார் 90 லட்சம். புதிதாகச் சேர்ந்த அந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை.